சமையல் மேடைக்கு வெள்ளைக் கல்

எக்ஸ்ரேக்கா என்று சொன்னால் அந்த ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். பத்தொன்பது வருஷமாக ஊரார் நெஞ்சையும் முதுகையும் முழங்காலையும் படம் எடுத்தவள். வேலை என்று வந்துவிட்டால் அவளுக்குக் கை நடுங்காது, மனசு தடுமாறாது. அப்படிப்பட்டவள் தன் வீட்டுச் சமையல் மேடைக்கு என்ன கல் போடுவது என்று ஏழு வாரமாகத் தீர்மானிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

பழைய மேடை போனது அவள் கணவரால். சிங்க் ஓரத்தில் தண்ணீர் கசிந்து, மேலே ஒட்டியிருந்த தகடு உப்பிக்கொண்டிருந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஓரத்தை லேசாத் தூக்கிப் பாக்கறேன்" என்று உளியோடு போனவர், கால் மணி நேரத்தில் பாதி மேடையைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்தில் வந்து நின்றார். அடியில் இருந்த மரம் ஊறவைத்த ரொட்டி மாதிரி உதிர்ந்தது. மீதியையும் பெயர்த்துவிட்டு, அலமாரிகளின் மேல் இரண்டு பிளைவுட் பலகைகளைப் போட்டு, "ஒரு வாரம் சமாளிம்மா" என்றார்.

அந்த ஒரு வாரம்தான் ஏழு வாரமாக நீண்டது.

அவள் சும்மா இருக்கவில்லை. பிரச்சினையே அதுதான். எந்தக் கடைக்குப் போனாலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு கொடுத்தார்கள். பதினொரு துண்டுகளை வாங்கித் தோள்பையில் போட்டுக்கொண்டு வேலைக்கும் போனாள். மதிய இடைவேளையில் அவற்றைப் பரப்பி, ஒன்றின் மேல் எலுமிச்சை பிழிவாள், ஒன்றின் மேல் பீட்ரூட்டைத் தேய்ப்பாள், ஒன்றின் மேல் கொதிக்கும் டீ டம்ளரை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பாள். மார்பிளில் எலுமிச்சை பட்ட இடம் அம்மைத் தழும்பாகிவிட்டது. கறுப்பு கிரானைட்டில் ஒரு குறையும் தெரியவில்லை; அதே காரணத்தால் அதில் கரப்பான் நடந்தாலும் தெரியாது என்று அதை ஒதுக்கினாள். ஸ்டீல் தகட்டில் ஸ்பூனை வைத்த சத்தமே அவளுக்குப் பிடிக்கவில்லை. காலையில் கிரானைட் என்பாள், மத்தியானம் மரம் என்பாள், சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது இரண்டும் வேண்டாம் என்று ஆகியிருக்கும். அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போனால் உட்காரக்கூட மாட்டாள். நேரே சமையலறைக்குப் போய் மேடையைத் தடவிப் பார்ப்பாள்.

"கல்யாணத்துக்கு என்னைப் பாத்தப்பக்கூட நீ இவ்வளவு யோசிக்கல" என்றார் வாத்தியார்.

"அதனாலதான் இப்ப யோசிக்கறேன்" என்றாள்.

கடைசியில் வெள்ளை குவார்ட்ஸ் என்று முடிவானது. கல்லைத் தூளாக்கி, பசை கலந்து, மிஷினில் அழுத்திச் செய்த பலகை. கறை பிடிக்காது, தண்ணீர் குடிக்காது. நாள் முழுக்க ஜன்னலில்லாத அறையில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு, அந்த வெள்ளையைப் பார்த்ததும் கண்ணில் யாரோ தண்ணீர் தெளித்தமாதிரி இருந்தது. ஜன்னல் பக்கம் ஒன்பதடி, அடுத்த சுவரோரம் ஐந்தடி, மூலையில் இரண்டும் சேரும். பட்டறை முதலாளி புதன்கிழமை ஆள் அனுப்பி அளவு எடுப்பதாகச் சொன்னார்.

வந்தவனுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். பட்டறையில் அவனுக்கு 'மில்லி' என்று பேராம். ஒரு மில்லிமீட்டர் கோணல் இருந்தாலும் கண்ணாலேயே சொல்லிவிடுவானாம். மூன்று மாடி ஏறி வந்தவன் பையைக் கீழே வைத்துவிட்டு, உடனே வேலையைத் தொடங்கவில்லை. சுவரில் கையை ஊன்றி, மூலையைக் கூர்ந்து பார்க்கிறவன் மாதிரி நின்றான். அவன் மூலையைப் பார்க்கவில்லை, மூச்சு வாங்கிக்கொள்கிறான் என்பது எக்ஸ்ரேக்காவுக்குப் புரிந்தது.

பிறகு இருமினான். இருமலில் பல ரகம் உண்டு. சளி இருமல், புகை இருமல், பயத்தில் வரும் இருமல். அவன் இருமியது ஈரமே இல்லாத வறட்டு இருமல். அந்த ரகத்தை அவள் வேலையில் கேட்டிருக்கிறாள்.

"எத்தனை நாளா தம்பி இந்த இருமல்?"

"தூசி ஒத்துக்கலக்கா. மழை வந்தா சரியாயிடும்."

"மழை போன மாசமே வந்துட்டுப் போயிடுச்சே."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டே, "உங்க சுவரு நேரா இல்ல. இந்த முனைல ஏழு மில்லி உள்ள போகுது" என்றான்.

"அளவு மட்டும்தான் எடுப்பீங்களா, அறுக்கறதும் நீங்கதானா?"

"ரெண்டும் நான்தான். எட்டு வருஷமாச்சு. முன்னாடி கிரானைட்டு, இப்ப அஞ்சு வருஷமா எல்லாரும் இந்த வெள்ளைக் கல்லுதான் கேக்கறாங்க."

"தண்ணி விட்டு அறுக்கறீங்களா?"

"பம்ப் ஓடுனா விடுவோம். ஓடலன்னா அப்படியே அறுத்துடுவோம். கர்ச்சீப்பு கட்டிக்குவோம்ல."

"ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வாங்க. நானே நெஞ்சுப் படம் எடுத்துத் தரேன். அஞ்சு நிமிஷ வேலை."

அவன் டேப்பைச் சுருட்டினான். முகத்தில் இருந்த சிரிப்பையும் சேர்த்துச் சுருட்டி வைத்தமாதிரி இருந்தது. "வேண்டாங்க்கா. எங்க பட்டறையில படம் எடுத்துப் பாத்தவன் ஒருத்தன்கூட மறுபடி மிஷின் பிடிக்கல. முதலாளி விடமாட்டாரு. எனக்கு வேற தொழில் தெரியாது."

அவன் போன பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் படங்களைப் படித்துச் சொல்லும் டாக்டரம்மாவிடம் போய், பையிலிருந்த வெள்ளைத் துண்டை மேஜை மேல் வைத்தாள். டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. நூத்துக்குத் தொண்ணூறு பங்கு மணல் சத்து. அறுக்கறப்ப அது பொடியாகி மூச்சுல போச்சுன்னா நுரையீரல்ல போய் உக்காந்துக்கும். அப்புறம் எந்திரிக்காது."

"கிரானைட்டு?"

"அதுல மூணுல ஒரு பங்கு இருக்கும். மார்பிள்ல ரொம்பக் கம்மி. ஆனா எந்தக் கல்லையும் காய வெச்சு அறுத்தா தப்புதான். தண்ணி விடணும், நல்ல மாஸ்க் போடணும். ரெண்டும் இருந்தா பாதி பயம் போச்சு." அவர் கண்ணாடியை மறுபடி இறக்கினார். "உன் வீட்டுக்கா?"

"எங்க வீட்டுக்குத்தான்" என்றாள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி.

அன்று சாயங்காலம் வாத்தியாரிடம் சொன்னாள். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். அந்த விஷயத்தில் அவர் நல்லவர்.

"சரி, நாம வேண்டாம்னு சொல்றோம்னு வை. அந்தக் கல்லு வேற வீட்டுக்குப் போகும். அதையும் அந்தப் பையன்தான் அறுப்பான். நம்ம மேடையை மாத்தினா அவன் நெஞ்சு சரியாயிடுமா?"

"ஆகாது."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்குத் தெரியல. ஆனா என் வீட்டுக்காக வேண்டாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. தப்பில்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சலை மூட்டியது. மறுநாள் பட்டறைக்குப் போன் செய்து, "ரெண்டு நாள் பொறுங்க, அறுத்துடாதீங்க" என்று சொன்னாள். ஏன் என்று முதலாளி கேட்டதற்கு, "நிறம் யோசிக்கறேன்" என்று ஒரு பொய் சொன்னாள். உண்மையைச் சொன்னால் மில்லியின் வேலைக்கு உலை வைத்தமாதிரி ஆகிவிடும் என்று பயம்.

மறுபடி அலைச்சல் ஆரம்பமானது. ஸ்டீல் பட்டறைக்குப் போனாள். மரக்கடைக்குப் போனாள். வேண்டாம் என்று ஒதுக்கிய துண்டுகளையெல்லாம் மறுபடி தேடினாள். இரண்டு நாள் ஒன்பது நாளானது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். வரிசையில் நிற்கும் நோயாளிகளில் யாராவது இருமினால் அவள் தலை தானாகத் திரும்பியது.

அந்த வாரத்தில்தான் பிளைவுட் பலகை ஒன்று சறுக்கியது. அதன் மேலிருந்த சுடுதண்ணீர்ப் பாத்திரம் வாத்தியாரின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. கால் தப்பியது, பொறுமை தப்பவில்லை. அவள் வேலைக்குப் போன பிறகு அவர் பட்டறைக்குப் போன் போட்டு, "அந்த வெள்ளைக் கல்லே போதும், சனிக்கிழமைக்குள்ள அறுத்துடுங்க, வீட்ல அவசரம்" என்று சொல்லிவிட்டார். மனைவியிடம் சொல்லவில்லை. முடிவெடுக்க முடியாமல் திண்டாடுகிறாள், நாம் முடித்துவைத்தால் நிம்மதியாவாள் என்று நினைத்தார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் அவள் பட்டறைக்கே போனாள். குவார்ட்ஸ் வேண்டாம் என்று நேரில் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் போகும்போதே தீர்மானித்துவிட்டிருந்தாள். இத்தனை வாரத்தில் அவள் எடுத்த முதல் உறுதியான முடிவு.

முன்பக்கம் கண்ணாடி போட்ட அழகான காட்சிக்கூடம். பின்பக்கம் தகரக் கொட்டகை. உள்ளே நுழைந்ததும் மிஷின் சத்தம் பல்லைக் கூசவைத்தது. கொட்டகை முழுக்க வெள்ளை. கூரைச் சட்டத்தில், மின்விசிறி இறக்கையில், தொங்கவிட்ட சட்டைகளில், டீ டம்ளர் விளிம்பில் எல்லாம் மாவு தூவினமாதிரி. நடுவில் ஒருவன் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தான். மூக்கில் கர்ச்சீப். இமை முடிகூட நரைத்துக் கிடந்தது. அவளைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திக் கர்ச்சீப்பைக் கீழே இழுத்தான். வாயைச் சுற்றி மட்டும் மனித நிறம் தெரிந்தது.

"வாங்கக்கா! உங்க கல்லுதான். சார் அவசரம்னு சொன்னாராமே. பம்ப் ரிப்பேரு, நாள் இல்ல, அதான் அப்படியே இறங்கிட்டேன். ஒன்பதடி முடிஞ்சுது. பாருங்க, அந்த ஏழு மில்லியை எப்படி எடுத்திருக்கேன்னு."

அவன் விரல் காட்டிய ஓரத்தை அவள் பார்த்தாள். கத்தியால் வெண்ணெயை அரிந்தமாதிரி இருந்தது. அவனுக்கு அதில் பெருமை. யார் வீட்டுக்காக வேண்டாம் என்று நினைத்தாளோ, அந்த வீட்டுக்காகவே ஒன்பதடி நீளத்துக்கு அவன் தூசி குடித்திருக்கிறான். ஒன்பது நாள் முன்னால் துணிந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"அஞ்சடி இன்னும் அறுக்கலையே?"

"அடுத்தது அதான்."

"வேண்டாம். அதை விட்டுடுங்க."

"மூலை சேரணுமேக்கா, பாதி வெள்ளை, பாதி…"

"பாதி வெள்ளையாவே இருக்கட்டும்" என்றாள். அவள் குரலில் இருந்தது என்னவென்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். மிஷினின் ஒயரை உருவிவிட்டான்.

வீட்டில் அன்று அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் வாத்தியார் தாங்கியிருப்பார். அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "அவன் இமையெல்லாம் வெள்ளைங்க." அவர் பிளைவுட் பலகையின் ஓரத்தை விரலால் தடவினார். பிறகு, "கேக்காம பண்ணிட்டேன்" என்றார்.

"நானும் சொல்லாமலேதானே இழுத்தடிச்சேன்" என்றாள்.

திங்கட்கிழமை கல் வந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்து பொருத்திவிட்டு, மற்றவர்கள் வண்டிக்கு இறங்கிவிட்டார்கள். மில்லி மட்டும் இருந்தான். குழாய்க்கு ஒரு துளை போட வேண்டும். அதை எப்போதும் பொருத்திய பிறகுதான் போடுவார்களாம். அவன் கர்ச்சீப்பை எடுத்தபோது அவள் ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு வாங்கி வந்த முகமூடியை நீட்டினாள். மூக்குக்கு மேலே கம்பி வைத்த, கெட்டியான முகமூடி. அவனுக்குக் கட்டத் தெரியவில்லை. அவளே இரண்டு பட்டைகளையும் பின்னந்தலையில் மாட்டி, கம்பியை அழுத்திவிட்டாள்.

"இப்ப நான் தண்ணி விடுவேன். நீங்க துளை போடுங்க."

"வீடு நாறிப்போயிடும்க்கா."

"நாறட்டும். சொல்லுங்க, எங்க ஊத்தணும்?"

"மிஷின் மேல படக்கூடாது. பல்லு கல்லைக் கடிக்கிற இடத்துல மட்டும். நூல் மாதிரி."

அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, நூல் மாதிரி விட்டாள். வாத்தியார் அடியில் அலமாரிக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு வாளியைப் பிடித்தார். துளை போட இருபது நிமிஷம் ஆயிற்று. வெள்ளைக் கஞ்சியாகத் தண்ணீர் ஓடியது. வாளியில் பாதி, வாத்தியார் தலையில் பாதி. தரையெல்லாம் சேறு. காற்றில் மட்டும் ஒன்றுமில்லை. மில்லி மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தான். எப்போதும் அதில் புகை மாதிரி மிதக்குமாம். இன்று சுத்தமாக இருந்தது.

"எட்டு வருஷத்துல வீட்டுக்காரங்க தண்ணி பிடிச்சு நான் பாத்ததே இல்லக்கா" என்றான். அலமாரிக்குள்ளிருந்து வாத்தியார், "இருபது வருஷத்துல நானும் இங்க குளிச்சதே இல்லப்பா" என்றார்.

சிரிப்பு அடங்கியதும் அவள் மெதுவாகச் சொன்னாள்: "படம் எடுத்தா நோய் வந்துடாது தம்பி. இருந்தா தெரியும், அவ்வளவுதான். பாக்காம இருந்தா மட்டும் அது போயிடுமா?"

அவன் முகமூடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, படம் எடுக்கும் அறை வாசலில் ஒரு பெண் அவனை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றாள். அவன் மனைவி; தையல்காரி, விரல் நுனியில் ஊசி குத்திய தடங்கள். "நீங்கதான் எக்ஸ்ரேக்காவா? பாட்டில்ல தண்ணி விட்ட கதையை இவரு பத்து தடவை சொல்லிட்டாரு. ஆனா வரமாட்டேங்கறாரு. அஞ்சு நிமிஷ வேலைக்கு மூணு வாரம் சண்டை போட்டிருக்கேன்" என்றாள்.

எக்ஸ்ரேக்கா அவனைப் பலகை முன் நிறுத்தி, தாடையைத் தூக்கி, தோள்களை முன்னால் தள்ளி வைத்தாள். "மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. பிடிச்சுக்கிட்டே இருங்க." முதல் தடவை பிடிக்க முடியாமல் இருமிவிட்டான். இரண்டாவது தடவை பிடித்தான்.

திரையில் படம் வந்தது. இரண்டு பக்கமும் மேல்பகுதியில், யாரோ ஒரு சிட்டிகை மணலைத் தூவினமாதிரி வெள்ளைப் புள்ளிகள். படத்தில் இருப்பதை அவள் சொல்லக்கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பார்த்திருக்கிறாள், முகத்தில் ஒரு கோடு அசைந்ததில்லை. அன்றும் அசையவில்லை என்றுதான் நினைத்தாள்.

"சொல்ல வேண்டாங்க்கா. நான் ஒரு மில்லி கோணலைக் கண்ணால பாக்கறவன்" என்றான் அவன். பிறகு சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே, குத்தலாக இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்கிறவன் மாதிரி கேட்டான்: "இதுல உங்க வீட்டுக் கல்லும் கொஞ்சம் இருக்குமில்ல?"

அவள் ஃபிலிமை உறையில் போட்டு, இருவரையும் டாக்டரம்மாவின் அறைக்கு அழைத்துப்போனாள்.

டாக்டரம்மா தயங்காமல் சொன்னார். ஆரம்பம்தான். போனது திரும்பாது. ஆனால் தூசியை இன்றோடு விட்டால் நாள் தள்ளலாம்; விடாவிட்டால் மாடிப்படி மட்டுமல்ல, சட்டை போடுவதே மூச்சு வாங்கும். மில்லி தலையைக் குனிந்து கேட்டான். தையல்காரி நிமிர்ந்து கேட்டாள். ஃபிலிமை அவள்தான் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எக்ஸ்ரேக்காவுக்கு மில்லிதான் சொன்னான். எதிர்பார்த்தபடியே முதலாளி, "உடம்பு சரியில்லாதவனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது" என்று கையை விரித்தார். மில்லி பேசாமல் வீட்டுக்குப் போனான். தையல்காரி பேசாமல் இருக்கவில்லை. மறுநாள், கடை நிறைய ஆட்கள் கல் பார்த்துக்கொண்டிருந்த நேரம், காட்சிக்கூடத்துக்குள் போய், வெள்ளை மாதிரித் துண்டுகளை வரிசையாக மாட்டியிருந்த பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கே நல்ல விளக்கு. ஃபிலிமை அந்த வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கத்தவில்லை, சபிக்கவில்லை. யாராவது "என்னம்மா இது?" என்று கேட்டால், "இந்தக் கல்லு அறுக்கறவர் நெஞ்சு. பம்பு ரிப்பேரு" என்று மட்டும் சொன்னாள். கை வலித்தால் மாற்றிப் பிடித்தாள். கல் வாங்க வந்த ஒரு பெரியவர் கேட்டுவிட்டு, துண்டை வைத்துவிட்டு வெளியே போனார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

பம்ப் அன்று சாயங்காலமே ஓடியது. மில்லியின் வேலையும் போகவில்லை. அவன் கண்ணைப் போல இன்னொரு கண் முதலாளிக்குக் கிடைக்காது. அளவு எடுப்பதும் காட்சிக்கூடத்தில் ஓரம் பார்ப்பதும் இனி அவன் வேலை, கொட்டகைப் பக்கம் போகக்கூடாது என்று ஏற்பாடானது. கூட அறுத்த மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகப் படம் எடுக்க வந்தார்கள். இருவருக்கு நெஞ்சு சுத்தம். மூன்றாமவனுக்கு இல்லை. அவனுக்கு மில்லியின் கண் இல்லை; அவன் இப்போது ஒரு பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு இருக்கிறான். சம்பளம் குறைவு. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

எக்ஸ்ரேக்காவின் சமையலறையில் ஒன்பதடி வெள்ளைக் கல், ஐந்தடி மரப் பலகை. மரத்தை அவள் ஒரே நாளில் வாங்கிவிட்டாள். அதற்கு முன்னால் தச்சரை ஒரு பக்கமாக உட்காரவைத்து, இருமல் உண்டா, முகமூடி போடுகிறாரா, இழைக்கும் தூள் எங்கே போகிறது என்று அரைமணி நேரம் விசாரித்ததில் அவர், "அம்மா, பலகை வேணுமா, எனக்குப் பொண்ணு பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டார். இப்போதெல்லாம் அவளால் எதையும் நிம்மதியாக வாங்க முடிவதில்லை. செருப்புக் கடையில் தைப்பவரின் முதுகைப் பார்க்கிறாள். பாத்திரக் கடையில் தகடு அடிப்பவருக்குக் காது கேட்கிறதா என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்க்கிறாள். வாத்தியார் தலையில் கை வைத்துக்கொள்கிறார். ஆனால் சில கடைகளில் இப்போது அவரே முந்திக்கொண்டு கேட்கிறார்.

வெள்ளை மேடையில் கறை எதுவும் பிடிக்கவில்லை. கடைக்காரர் சொன்னது உண்மைதான். அவள் அதைத் துடைக்கும்போது மட்டும் கை கொஞ்சம் வேகமாகப் போய்விட்டு மரப் பலகைப் பக்கம் வந்துவிடும்.

ஆறு மாசம் கழித்து மில்லி மறுபடி படத்துக்கு வந்தான். இந்தத் தடவை முதல் முயற்சியிலேயே மூச்சைப் பிடித்தான். டாக்டரம்மா பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கூடல. குறையவும் இல்ல. ஆறு மாசம் கழிச்சு வா" என்றார்.

"கூடலையே, அது போதும்" என்றாள் தையல்காரி. மில்லி, "பஸ் போயிடும், வா" என்று அவளை அவசரப்படுத்தினான். இருவரும் நடைபாதையில் போவதை எக்ஸ்ரேக்கா கதவருகே நின்று பார்த்தாள். முனையில் திரும்பும் முன் அவன் ஒரு தடவை இருமினான். அவள் காது அதையும் எடைபோட்டது. வரிசையில் இருந்த அடுத்தவர், "அக்கா, என்னைக் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டபோதுதான் உள்ளே திரும்பினாள்.